விசாரிப்பது யார்?

2013 மே 24 அன்று மும்பை போலீஸார் குருநாத் மெய்யப்பனைக் கைது செய்தார்கள். ஐபிஎல் ஆட்டங்களில் பந்தயம் கட்டினார் என்பது குற்றச்சாட்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியோடு சேர்த்துத் தமிழ்நாடு பார்த்துப் பழகிய முகம் அவருடையது. ஆனால் அவர் அணியின் தலைமை நிர்வாகியும் அல்ல, டீம் பிரின்சிபாலும் அல்ல, நிர்வாகக் குழுவில் கௌரவ உறுப்பினர் மட்டுமே என்று அன்றைய உரிமையாளரான இந்தியா சிமெண்ட்ஸ் அறிக்கை விட்டது. அந்த நிறுவனத்தின் அன்றைய நிர்வாக இயக்குநர் என்.சீனிவாசன்; இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் அன்றைய தலைவரும் அவரே, குருநாத் அவருடைய மருமகன். வாரியம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைக் கொண்டு விசாரித்தது. தவறுக்கு ஆதாரம் இல்லை என்று ஜூலை 28 அன்று அவர்களின் முடிவு வெளியானது. இரண்டே நாளில், ஜூலை 30 அன்று, அந்தக் குழு அமைக்கப்பட்ட விதமே சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி முகுல் முத்கல் குழு, குருநாத் அணியின் நிர்வாகிதான், பந்தயம் கட்டியதும் உண்மைதான் என்று 2014 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. 2015 ஜூலை 14 அன்று நீதிபதி ஆர்.எம்.லோதா குழு அவருக்கு ஆயுள் தடை விதித்தது. சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது.

மனிதர் அவரேதான், பந்தயமும் அதேதான். விசாரித்த கை மாறியதும் முடிவு தலைகீழானது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு விலை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். வீரர்கள் புனேவுக்கும் குஜராத்துக்கும் பிரிந்து போனார்கள். 2016, 2017 ஆகிய இரண்டு கோடைகளிலும் சேப்பாக்கம் தன் அணியைப் பார்க்கவில்லை. கைதான அன்றே ‘இவர் எங்களவர், ஒதுங்கி நிற்கிறார், எங்களோடு தொடர்பில்லாத ஒருவர் விசாரிக்கட்டும்’ என்று அணி சொல்லியிருந்தால் அந்தக் கறை அணியின் பெயரில் இவ்வளவு ஆழமாகப் படிந்திருக்காது என்பது என் கணிப்பு.

களத்துக்கு வெளியே தவறு செய்கிறவரை அணி எப்படி நடத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் நேரே தண்டனையின் அளவுக்குத் தாவிவிடுகிறோம். ஒரு வருடம் தடையா, ஆயுள் தடையா, அபராதமா, மன்னிப்பா என்று டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை அதே கேள்விதான். தண்டனை கடைசியில் வர வேண்டிய விஷயம். முதலில் கேட்க வேண்டியது விசாரிப்பது யார் என்பது. வெற்றிக்காக அந்த வீரரை நம்பியிருக்கும் அணியே அவர்மேல் வந்த புகாரையும் விசாரித்தால், தீர்ப்பு வீரருடைய ஃபார்மைப் பொறுத்துத்தான் அமையும். அணியின் வேலை இரண்டு: புகார் வந்ததும் வீரரைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது, விசாரணையை வெளியாரிடம் ஒப்படைப்பது. அதற்கு மேல் அணிக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. ஐபிஎல்லுக்கு மட்டுமல்ல, கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஆடும் லீக் அணிக்கும் சிதம்பரத்தில் ஆடும் கல்லூரி அணிக்கும் இதுவே முறை என்று வாதிடவே இந்தக் கட்டுரை.

எழுதி வைத்த முறை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இந்திய வாரியத்தின் மூன்று முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். 2015 அக்டோபர் 27 அன்று, பெங்களூரு ஹோட்டல் ஒன்றில் பெண்ணைத் தாக்கியதாக வந்த புகாரில் லெக் ஸ்பின்னர் அமித் மிஸ்ரா கைதாகி ஜாமீனில் வெளிவந்தார். ஒன்பதாவது நாளில், நவம்பர் 5 அன்று, மொஹாலியில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் ஆடினார். புகார் உண்மையா பொய்யா என்று சொல்ல நான் யாரும் இல்லை. வாரியமும் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. 2018 மார்ச்சில் முகமது ஷமியின் மனைவி அவர்மேல் குடும்ப வன்முறைப் புகாரும் சந்தேகத்துக்குரிய பணம் வாங்கினார் என்ற புகாரும் சொன்னார். ஷமி இரண்டையும் மறுத்தார். அந்த வாரம் வெளியான ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயர் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் ‘காஃபி வித் கரண்’ டிவி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றித் தரக்குறைவாகப் பேசியதற்காக ஹர்திக் பாண்டியாவும் கே.எல்.ராகுலும் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின் நடுவில் இடைநீக்கம் செய்யப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கைதானவர் ஆடினார், புகாருக்கு ஆளானவரின் சம்பள ஒப்பந்தம் நின்றது, வாய் தவறியவர்கள் வீடு திரும்பினார்கள். வாரியம் ஒன்றுதான். எது பெரிய குற்றம் என்பதை இந்த மூன்று முடிவுகளிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. செய்தி எவ்வளவு சத்தமாக ஒலித்தது என்பதை மட்டும் கண்டுபிடிக்கலாம்.

பாண்டியா, ராகுல் விவகாரத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அப்போது வாரியத்தை நடத்தியது உச்ச நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் குழு. அதில் எஞ்சியிருந்த இரண்டு உறுப்பினர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. இரண்டு ஒருநாள் ஆட்டத் தடை போதும் என்றார் வினோத் ராய். சட்டக் குழுவிடம் கேட்க வேண்டும் என்றார் டயானா எடுல்ஜி. ஜனவரி 11 அன்று இடைநீக்கம். 24 அன்று அது விலக்கப்பட்டது. வீரர்கள் குற்றமற்றவர்கள் என்று தெரிந்ததால் விலக்கப்படவில்லை; விசாரிக்க வேண்டிய குறைதீர்ப்பாளர் என்ற பதவி அப்போது நிரப்பப்படாமல் இருந்தது. நீதிபதி டி.கே.ஜெயின் நியமிக்கப்பட்டு, ஏப்ரலில் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார். அதில் 10 லட்சம் பணியில் உயிர்நீத்த துணை ராணுவக் காவலர்கள் பத்துப் பேரின் குடும்பங்களுக்கு, 10 லட்சம் பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு. இரண்டுமே நல்ல காரியங்கள். ஆனால் இழிவுபடுத்தப்பட்டவர்கள் பெண்கள். அவர்களுக்கும் அந்தப் பணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தவறு யாரைப் புண்படுத்தியது என்று முதலிலேயே கேட்கப் பழகிய அமைப்பாக இருந்தால் அந்தப் பணம் போன பாதை வேறாக இருந்திருக்கும்.

ஷமி விஷயத்தில் வெளிப்பட்டது இதைவிட முக்கியமான ஒரு குறை. வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு அவரை விசாரித்தது. பணம் வாங்கியதாகச் சொன்ன புகாரில் ஒன்றும் இல்லை என்றது. மார்ச் 22 அன்று ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. குடும்ப வன்முறைப் புகார் கொல்கத்தா போலீஸிடமும் நீதிமன்றத்திடமும் போனது. வாரியத்திடம் பணத்தைப் பற்றிக் கேட்க ஆள் இருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு பெண் அடிபட்டாளா இல்லையா என்று கேட்க ஆள் இல்லை. இது தற்செயல் இல்லை. 2000இல் தென் ஆப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோனியேயின் சூதாட்ட விவகாரம் வெடித்தபோது விளையாட்டே அழிந்துவிடும் என்று பயந்து சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் ஊழல் தடுப்புப் பிரிவைத் தொடங்கியது. அணிகளைச் சாராத ஆட்கள், எழுதப்பட்ட விதிகள், புகாரை மறைப்பதே குற்றம் என்ற கடுமை எல்லாம் அப்படித்தான் வந்தன. தன்னைத் தேடி வந்த சூதாட்டப் புரோக்கரைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததற்காகவே 2019இல் வங்கதேசத்தின் ஷகிப் அல் ஹசனுக்கு இரண்டு ஆண்டு தடை. அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. பணம் ஆட்டத்தைக் கெடுக்கும் என்றபோது கிரிக்கெட் தன்னை மாற்றிக்கொண்டது. ஆட்டக்காரர் இன்னொரு மனிதரைக் கெடுக்கிறார் என்றபோது மட்டும் ஏன் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறது?

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2019இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆடிய சில வீரர்கள், முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது என்று தாங்களாகவே புகார் சொன்னார்கள்; வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரணையில் இறங்கியது. சொல்ல வேண்டும் என்ற விதியும், யாரிடம் சொல்வது என்ற தெளிவும் இருந்தால் இருபது வயதுப் பையன்கூடச் சொல்வான். அடிதடி, மிரட்டல், பெண்களிடம் அத்துமீறல், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது ஆகியவற்றை அதே பையன் பார்த்தால் யாரிடம் போவான்? கேப்டனிடமா, கோச்சிடமா, செலக்டரிடமா? மூவருமே அவனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைக்கக் கூடியவர்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. நிரூபணமாகும்வரை ஒருவர் நிரபராதி. புகார் வந்ததுமே ஒதுக்கி வைப்பது தண்டனைதானே என்பது. இலங்கையின் தனுஷ்க குணதிலகவை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். 2022 நவம்பரில் டி20 உலகக் கோப்பையின்போது பாலியல் குற்றச்சாட்டில் சிட்னியில் கைதானார். மறுநாளே இலங்கை கிரிக்கெட் அவரை எல்லா வகை ஆட்டத்திலிருந்தும் இடைநீக்கம் செய்தது. 2023 செப்டம்பர் 28 அன்று நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அக்டோபரில் தடை நீங்கியது. ஏறக்குறைய பதினொரு மாதங்கள் போய்விட்டன. இந்த இழப்பைச் சிறிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுபக்கத்தை நேபாளத்தில் பாருங்கள். சந்தீப் லமிச்சானே மீது 2022இல் பாலியல் வன்முறை வழக்கு வந்தது, இடைநீக்கம் செய்தார்கள். 2023 தொடக்கத்தில் வழக்கு நடக்கும்போதே அணியில் சேர்த்துக்கொண்டார்கள். எதிரணி வீரர்கள் அவரோடு கைகுலுக்க மறுத்தார்கள். 2024 ஜனவரியில் எட்டு ஆண்டு சிறைத் தண்டனை, மே மாதம் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. கடைசியில் விடுதலையானவரை நடுவில் எதிரணி மைதானத்திலேயே ஒதுக்கியது. அந்த அவமானத்திலிருந்து அவரைக் காப்பாற்றவும் நேபாள வாரியத்தால் முடியவில்லை, புகார் சொன்ன பெண்ணுக்கு நம்பிக்கை தரவும் முடியவில்லை.

ஆகவே ஒதுக்கி வைப்பதைத் தண்டனையிலிருந்து பிரித்துக் காட்டுவதே வழி. ஒதுக்கப்பட்டவருக்குச் சம்பளம் ஓட வேண்டும். பயிற்சிக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். இத்தனை நாளுக்குள் முடிவு என்ற கெடு வேண்டும். ‘இது தீர்ப்பு இல்லை’ என்று அணியே எழுத்தில் சொல்ல வேண்டும். அரசு ஊழியர் மீது புகார் வந்தால் இடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் தருகிறோமே, அந்த அளவு நாகரிகம் கிரிக்கெட்டிலும் சாத்தியம்தான். குணதிலகவுக்கு நேர்ந்த அநியாயம் ஒதுக்கி வைத்ததால் வந்ததில்லை. குற்றவியல் நீதிமன்றத்தின் வேகத்துக்குத் தன் கடிகாரத்தைக் கட்டிப்போட்ட வாரியம், தடை பற்றிய முடிவை நீதிமன்றத் தீர்ப்புவரை தள்ளிப்போட்டதால் வந்தது.

குற்றவியல் நீதிமன்றத்தின் கேள்வி வேறு, அணி ஒழுங்கின் கேள்வி வேறு. இதை இங்கிலாந்து ஓரளவு புரிந்துகொண்டது. 2017 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரின் இரவு விடுதி அருகே நடந்த அடிதடியில் பென் ஸ்டோக்ஸ் கைதானார். அந்தக் குளிர்காலத்தின் ஆஷஸ் தொடரில் அவரை எடுக்கவில்லை. இங்கிலாந்து 4-0 என்று தோற்றது. 2018 ஆகஸ்டில் நீதிமன்றத்தின் ஜூரி அவரை விடுதலை செய்தது. அத்துடன் விஷயம் முடியவில்லை. வாரியத்திலிருந்து தனித்து இயங்கும் கிரிக்கெட் ஒழுங்கு ஆணையம் டிசம்பரில் கூடி, எட்டு ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் விதித்தது. அவர் ஏற்கெனவே ஆடாமல் இருந்த ஆட்டங்கள் அந்தத் தடையில் கழிந்தன. 2022இல் அவரே டெஸ்ட் கேப்டன். அணி சிறந்த ஆட்டக்காரர் இல்லாமல் ஒரு பெரிய தொடரை இழந்தது, முடிவை அணி எடுக்கவில்லை, தண்டனைக்கு ஓர் எல்லை இருந்தது, திரும்பி வரக் கதவு திறந்திருந்தது. குறையே இல்லாத முறை என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டோக்ஸ் கேப்டனானபோது யாரும் அதைச் சலுகை என்று சொல்ல முடியவில்லை.

நம் ஸ்ரீசாந்த் வழக்கை இதோடு ஒப்பிட்டால் மனசு கனக்கிறது. 2013 மே மாதம் ஸ்பாட் ஃபிக்ஸிங் குற்றச்சாட்டில் கைது, செப்டம்பரில் வாரியத்தின் ஆயுள் தடை. 2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் குற்ற வழக்கிலிருந்து விடுவித்தது. வாரியம் அசையவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நீக்கினார், அமர்வு மறுபடி விதித்தது. 2019 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம், ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வாரியத்துக்கு உரிமை உண்டு, ஆனால் தண்டனையின் அளவை யோசித்து மறுபடி முடிவு செய்யுங்கள் என்றது. ஏழு ஆண்டாகக் குறைந்தது தடை. 2020 செப்டம்பரில் முடிந்தபோது அவருக்கு வயது 37. ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு அந்த வயதில் எதைத் திருப்பித் தர முடியும்? நீதிமன்ற விடுதலை அணியின் விசாரணையை ரத்து செய்யாது என்பது சரி. அதற்காகத் தண்டனையின் அளவை ஆறு வருடம் கழித்து யோசிப்பது எந்த ஊர் நியாயம்?

வீரரின் சொந்த வாழ்க்கையில் அணிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதிக்கு அவர்களோடு நான் உடன்படுகிறேன். யாரைக் காதலிக்கிறார், விவாகரத்து ஏன், ஓய்வு நாளில் குடித்தாரா, எந்தக் கட்சிக்கு வாக்குக் கேட்டார் என்பதெல்லாம் அணியின் பார்வைக்கு வெளியே இருக்க வேண்டியவை. 2008இல் டார்வினில் அணிக் கூட்டத்துக்கு வராமல் மீன் பிடிக்கப் போன ஆண்ட்ரூ சைமண்ட்ஸை ஆஸ்திரேலியா வீட்டுக்கு அனுப்பியது. அது வேலைக்கு வராதவர்மேல் எடுத்த நடவடிக்கை, அதில் ஒழுக்கப் பிரசங்கத்துக்கு இடமில்லை. எல்லைக் கோடு எங்கே என்றால், இன்னொரு மனிதருக்குத் தீங்கு நேர்ந்ததா, அணியின் பெயரும் சீருடையும் தந்த செல்வாக்கை வைத்து அந்தத் தீங்கு செய்யப்பட்டதா என்ற இடத்தில். அதைத் தாண்டி ஒழுக்கக் காவலர் வேலை பார்க்கும் சங்கம் நாளைக்குத் தலைமுடி வெட்டையும் சாதி மறுப்புத் திருமணத்தையும் விசாரிக்கக் கிளம்பும். கடலூர் அடங்கிய தென்னாற்காட்டு மண்ணில் இந்த எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ.சிதம்பரம், சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். 1960களின் தொடக்கத்தில் பிசிசிஐ தலைவராக இருந்தவர். தமிழ்நாட்டு கிரிக்கெட்டைப் பெருங்குடும்பங்களும் நிறுவனங்களும் வளர்த்தன. வேலை கொடுத்து, கிளப் நடத்தி, சாதாரண வீட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றிய அந்தக் கொடையை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். அதோடு வந்த பழக்கம் ஒன்றும் உண்டு: பையன் தப்பு செய்தால் பெரியவர் கூப்பிட்டுக் கண்டிப்பார், விஷயம் வெளியே போகாது. கண்டித்தது நல்ல மனசோடுதான். அடிபட்டவர் அந்த வீட்டைச் சேர்ந்தவர் இல்லை என்றால் அவர் எங்கே போவது என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பழக்கத்தில் பதில் கிடையாது. 2013இல் அந்தப் பழக்கம் மாப்பிள்ளை வரை வந்து உடைந்தது.

அதே பல்கலைக்கழக வளாகம் இதற்கு ஒரு மாற்று வழியையும் காட்டியிருக்கிறது, மிகக் கொடுமையான விலைக்கு. 1996 நவம்பரில் அங்கே மருத்துவக் கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் சீனியர் மாணவரால் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடு இன்னும் மறக்காத அந்தச் சம்பவம்வரை ராகிங் என்பது ஹாஸ்டல் விஷயம், வார்டன் பார்த்துக்கொள்வார் என்றுதான் ஊரே இருந்தது. 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது, நாட்டுக்கே முன்னோடி. அந்தச் சட்டத்தின் அமைப்பைக் கவனியுங்கள். புகார் வந்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும், உண்மை எனத் தெரிந்தால் இடைநீக்கம் செய்ய வேண்டும். சிறைத் தண்டனை நீதிமன்றத்தின் வேலை. கல்லூரியைவிட்டு நீக்குவது குற்றம் உறுதியான பிறகு. மூன்று கட்டங்கள்; குற்றத்தை உறுதிசெய்வது மட்டும் கல்லூரிக்கு வெளியே உள்ள கை. அந்தக் கொலை வழக்கில் கடலூர் நீதிமன்றம் 1998இல் தண்டித்தது, 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தண்டித்தது. இறுதித் தீர்ப்பு வரட்டும் என்று கல்லூரிகள் கைகட்டிக் காத்திருந்தால் எத்தனை பேட்ச் பிள்ளைகள் அந்த ஹாஸ்டல்களில் அவதிப்பட்டிருப்பார்கள்? கிரிக்கெட் அணியின் டிரெஸ்ஸிங் ரூமும் சீனியர், ஜூனியர் என்ற அதே ஏணியில்தான் நிற்கிறது.

மாவட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கடலூருக்கு அணி கிடையாது. இங்கே கிரிக்கெட் என்பது மாவட்ட லீக், வயதுவாரி மாவட்ட அணித் தேர்வு, கல்லூரி ஆட்டம், அப்புறம் பண்ருட்டி முதல் காட்டுமன்னார்கோவில் வரை ஊருக்கு ஊர் நடக்கும் டென்னிஸ் பால் டோர்னமென்ட். அந்த டோர்னமென்ட் நோட்டீஸ்களில் பரிசுத் தொகைக்குக் கீழே வழக்கமாக இரண்டு வரிகள் இருக்கும்: நடுவர் தீர்ப்பே இறுதியானது, மது அருந்தி வருபவருக்கு அனுமதி இல்லை. களத்துக்கு வெளியே நடப்பதைப் பற்றி அதோடு சரி. தெருவின் பெயரும் காலனியின் பெயரும் அணிப் பெயராக இருக்கும் ஊர்களில் ஆட்டம் முடிந்தபின் எழும் வாய்த்தகராறு இரண்டு அணிகளோடு நிற்பதில்லை என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில், 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் புதுச்சேரியில், 19 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர் 2025 டிசம்பரில் தாக்கப்பட்டார். சையது முஷ்டாக் அலி கோப்பைக்குத் தேர்வாகாத வீரர்கள் தாக்கினார்கள் என்பது புகார். போலீஸ் வழக்குப் பதிந்தது. யார் மீது தவறு என்று நீதிமன்றம் சொல்லட்டும். தேர்வில் அநீதி என்று நினைக்கும் வீரருக்குப் போய்ச் சொல்ல ஓரிடமும், மிரட்டப்படும் பயிற்சியாளருக்குப் போய்ச் சொல்ல ஓரிடமும் இல்லாத அமைப்பில் இத்தகைய ஆத்திரம் எங்கேயும் வெடிக்கலாம்.

சின்னச் சங்கத்துக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா, பந்து வாங்கவே நன்கொடை கேட்கிறோம், தனி விசாரணைக் குழுவுக்கு எங்கே போவது என்று சங்க நிர்வாகிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வெளியார் விசாரணைக்கான கதவுகள் சட்டத்தில் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்ற வரையறைக்குள் விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம், பயிற்சி இடம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பத்துக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள அமைப்புகளுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்ப் புகார் குழு இருக்க வேண்டும். 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். பெயர்கள் ரகசியமாக இருக்க வேண்டும். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காகவே புகார் சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. ‘உள்ளுக்குள்ளே பேசி முடித்தோம்’ என்று சொல்லும் செயலாளர் அங்கே குற்றவாளி ஆகிறார். பட்டியல் சாதி, பழங்குடி வீரரைச் சாதிப் பெயரால் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மீதியிருப்பவை ஆண்களுக்குள் நடக்கும் அடிதடி, மிரட்டல், இணையத்தில் செய்யும் அவதூறு. இவற்றுக்குத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு ஒழுங்கு ஆணையம் வைத்தால் போதும். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி, பெண் வழக்கறிஞர், இப்போது எந்தக் கிளப்போடும் ஒட்டில்லாத முன்னாள் வீரர் என்று மூன்று பேர். மாவட்டச் சங்கத்தின் செலவு ஒரு தபால் தலை.

வெளியே தெரிந்தால் பையனின் எதிர்காலம் போய்விடும், ஆகவே கமுக்கமாக முடிப்பதே கருணை என்பது இன்னொரு வாதம். கமுக்கத்தால் யார் பிழைத்தார்கள்? ஆஸ்திரேலியாவின் டிம் பெய்ன் 2017இல் சக பெண் ஊழியருக்கு அனுப்பிய ஆபாசச் செய்திகள் பற்றி 2018இல் உள்ளுக்குள் விசாரித்து, விதிமீறல் இல்லை என்று மூடி வைத்தார்கள். 2021 நவம்பரில், ஆஷஸ் தொடருக்குச் சில வாரம் முன்பு, அது வெளியே வந்தது. டெஸ்ட் கேப்டன் பதவியை அழுதுகொண்டே துறந்தார். 2018இலேயே முடிவு அறிவிக்கப்பட்டிருந்தால் சின்னத் தண்டனையோடு போயிருக்கும். நம் முத்கல் குழு மூடிய உறையில் தந்த பெயர்களும் அப்படித்தான். பெயர்கள் எல்லாம் வெளியாகாததால் குற்றமற்ற எத்தனை வீரர்கள்மேல் வதந்தி படர்ந்தது! புகார் சொன்னவரின் பெயர் ரகசியமாக இருக்கட்டும், 18 வயதாகாத வீரரின் பெயரும் இருக்கட்டும். விசாரணை நடந்தது, இன்ன விதி மீறப்பட்டது, இன்ன முடிவு என்பது மட்டும் எழுத்தில் வெளியாக வேண்டும். அணித் தேர்வுப் பட்டியலிலிருந்து காரணம் சொல்லாமல் பெயர் எடுக்கப்படுவதைவிட ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு இது ஆயிரம் மடங்கு கருணை. அந்தக் காரணமற்ற நீக்கத்துக்கு அப்பீல் கிடையாது, கடிதத்துக்கு உண்டு.

இதைப் படிக்கும் கடலூர் மாவட்டத்துக் கிளப் செயலாளர்களுக்கும், சிதம்பரத்தில் கல்லூரி அணிகளை நடத்தும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த சீசனுக்கு வீரர்கள் கையெழுத்திடும் படிவத்தோடு இரண்டு பக்கம் சேர்த்து அச்சடியுங்கள். எது விதிமீறல், யாரிடம் புகார் செய்வது, எத்தனை நாளில் முடிவு, எப்படி மேல்முறையீடு என்று தமிழில், பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதுங்கள். பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கேப்டனும் கோச்சும் செலக்டரும் அதே தாளில் முதல் கையெழுத்து போடட்டும். மேட்ச் ஜெயித்துத் தரும் ஓப்பனருக்கும் பன்னிரண்டாவது ஆளுக்கும் அந்தத் தாள் ஒன்றாக இருக்கட்டும். மாநிலச் சங்கம் ஆணையம் அமைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெண்களின் புகார்களுக்குச் சட்டம் சொல்லும் உள்ளூர்ப் புகார் குழுவை மாவட்ட நிர்வாகமே அமைக்க வேண்டும். அதன் உறுப்பினர் விவரத்தைக் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி அந்தத் தாளின் முதல் வரியாக அச்சிடலாம்.